ரீசெட் ஸ்கிரிப்ட் எங்கே வழுக்குகிறது: ஓப்பன்ஓசிடியில் கற்ற பாடங்கள்

சில்லில் நிரல் எழுதவும் பிழை தேடவும் பயன்படும் கருவி ஓப்பன்ஓசிடி. மேசையில் ஒரு போர்டை வைத்து அதில் ‘ரீசெட் இனிட்’ (சில்லை மீட்டமைத்து, நிறுத்தி, தயார்செய்யும் கட்டளை) கொடுத்தால் ஒழுங்காக வேலை செய்யும். அதே ஸ்கிரிப்டைத் தயாரிப்புக் கூடத்துக்கு அனுப்பினால், சில போர்டுகளில் ஃப்ளாஷ் (நிரல் தங்கும் நினைவகம்) எழுதுவது பாதியில் நின்றுவிடும். இன்னும் மோசமான நிலையும் உண்டு: ஸ்கிரிப்ட் வெற்றி என்று சொல்லி முடிந்திருக்கும், சில்லுக்குள் பழைய நிரலே இருக்கும். முதலாவது பெரும்பாலும் ரீசெட்டின் நேரக் கணக்கில் நடந்த பிழை. இரண்டாவது, தோற்றுப்போன கட்டளை தான் தோற்றதைச் சொல்லாமல் விட்ட பிழை. இவை பிறக்கும் இடம் வேறு. ஆனால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடுவதால் இரண்டையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

ஓப்பன்ஓசிடி 2005-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொமினிக் ராத் செய்த பட்ட ஆய்விலிருந்து வந்தது. உள்ளே சி மொழியில் எழுதிய கட்டளைகள், அவற்றுக்கு மேல் டிசிஎல் என்ற ஸ்கிரிப்ட் மொழிக்கான ஜிம் என்ற சிறிய மொழிபெயர்ப்பி, அதற்கும் மேல் சில்லுக்கும் போர்டுக்கும் தனித்தனியாக எழுதிய கான்ஃபிக் கோப்புகள் என்று மூன்று அடுக்குகள். ரீசெட் தர்க்கத்தின் பெரும்பகுதி டிசிஎல்லில்தான் இருக்கிறது. அதனால் சி நிரலைத் தொடாமலேயே ரீசெட்டை மாற்றியமைக்கலாம். கீழே உள்ளவை 2023 ஜனவரியில் வந்த 0.12.0 பதிப்பை வைத்து எழுதியவை. அடாப்டர் என்பது கணினியைச் சில்லோடு இணைக்கும் சாதனம், எஸ்ஆர்எஸ்டி என்பது சில்லின் ரீசெட் கம்பி. பழைய கோப்புகளில் ‘அடாப்டர்_என்எஸ்ஆர்எஸ்டி_டிலே’ என்று இருப்பது இப்போது ‘அடாப்டர் எஸ்ஆர்எஸ்டி டிலே’. ‘அடாப்டர்_கேஹெச்இசட்’ இப்போது ‘அடாப்டர் ஸ்பீட்’. பழைய பெயரைப் பயன்படுத்தினால் எச்சரிக்கை வரும். அதை அப்படியே விட்டுவைக்காமல் அன்றே மாற்றிவிடுவது நல்லது. எச்சரிக்கைகள் குவிந்தால் உண்மையான பிழை வரி அவற்றுக்குள் தொலைந்துவிடும்.

முதலில் வரிசையை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ‘ரீசெட் ஹால்ட்’ என்றதும் உள்ளே பல படிகள் ஓடுகின்றன. முதலில் ‘ரீசெட்-ஸ்டார்ட்’ நிகழ்வு. பிறகு ‘இனிட்_ரீசெட்’ என்ற செயல்முறை. இணைப்பு ஜேடேக் (சில்லுகளைச் சங்கிலியாகக் கோக்கும் டீபக் இணைப்பு) என்றால் அந்தச் சங்கிலியை இங்கேதான் மறுபடி சரிபார்க்கிறது. அடுத்து ‘ரீசெட்-அசெர்ட்-ப்ரீ’, ரீசெட்டை இழுப்பது, ‘ரீசெட்-அசெர்ட்-போஸ்ட்’. அதன் பின் ‘ரீசெட்-டிஅசெர்ட்-ப்ரீ’, ரீசெட்டை விடுவது, ‘ரீசெட்-டிஅசெர்ட்-போஸ்ட்’. நிறுத்தச் சொல்லியிருந்தால் கோர் (சில்லுக்குள் நிரலை ஓட்டும் பகுதி) நிற்கிறதா என்று 1000 மில்லி விநாடி வரை காத்திருக்கும். நிற்காவிட்டால் ‘நாட் ஹால்டட்’ என்று பிழை தரும். ‘இனிட்’ கேட்டிருந்தால் இப்போதுதான் ‘ரீசெட்-இனிட்’ நிகழ்வு ஓடும். கடைசியில் ‘ரீசெட்-எண்ட்’.

அந்த ஒரு விநாடி எதற்கு என்று மூல நிரலின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். ரீசெட் கம்பி மெதுவாக ஏறும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் சுற்றோடு இணைந்திருக்கலாம், அது சார்ஜ் ஆக நேரம் பிடிக்கலாம் என்பதுதான் காரணம். ரீசெட் ஸ்கிரிப்ட் எழுத உட்காருபவர் போர்டின் சுற்றுப்படத்தை முதலில் திறக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஒரு கணக்கு. எஸ்டிஎம்32 சில்லின் ரீசெட் பின்னில் உள்ளேயே ஏறத்தாழ 40 கிலோ ஓம் புல்-அப் (கம்பியை மேலே இழுக்கும் ரெசிஸ்டர்) உண்டு. வெளியே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வைப்பது வழக்கம். பெருக்கினால் 4 மில்லி விநாடி. மின்னழுத்தம் 70 சதவீதத்தைத் தொட இதைப் போல 1.2 மடங்கு, அதாவது 5 மில்லி விநாடிக்குச் சற்றுக் குறைவு. இதற்கு 10 மில்லி விநாடி ‘எஸ்ஆர்எஸ்டி டிலே’ போதும். அதே இடத்தில் ஒருவர் பாதுகாப்புக்கு என்று 10 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால் கணக்கு நூறு மடங்காகி 480 மில்லி விநாடியைத் தொடும். வெளியே 10 கிலோ ஓம் புல்-அப் சேர்த்திருந்தால் இரண்டும் இணைந்து 8 கிலோ ஓம், நேரம் 96 மில்லி விநாடி. மேசையில் இருக்கும் மதிப்பீட்டு போர்டில் 100 நானோஃபாரட், தயாரிப்பு போர்டில் 10 மைக்ரோஃபாரட் என்றால், ஒரே ஸ்கிரிப்ட் ஒன்றில் ஓடி மற்றொன்றில் விழுவதில் வியப்பில்லை.

‘டிலே’ என்பது கம்பியை விட்ட பிறகு அடுத்த டீபக் செயலுக்குமுன் காத்திருக்கும் நேரம். ‘பல்ஸ்_விட்த்’ என்பது கம்பியைக் குறைந்தது எவ்வளவு நேரம் கீழே பிடித்திருக்க வேண்டும் என்பது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அடாப்டர் தன் கம்பியில் 100 ஓம் தொடர் ரெசிஸ்டர் வைத்திருந்தால் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் காலியாக ஒரு மில்லி விநாடிக்கு மேல் ஆகும். ஆகவே ‘பல்ஸ்_விட்த்’ 10 மில்லி விநாடி என்று வைத்தால் பெரும்பாலான போர்டுகளுக்குத் தாராளம். ‘டிலே’க்கு அப்படிப் பொதுவான எண் கிடையாது. ஆஸிலோஸ்கோப்பின் ஒரு முனையை ரீசெட் பின்னில் வைத்து, கம்பியை விட்ட கணத்திலிருந்து 70 சதவீதம் தொடும் வரை அளந்து, அதை இரட்டிப்பாக்கிப் போடுங்கள். அளக்காமல் 500 என்று போட்டுவிட்டு நகர்ந்தால், ஒரு போர்டுக்கு நான்கு முறை ரீசெட் செய்யும் தயாரிப்பு ஸ்கிரிப்டில் இரண்டு விநாடி வீண்.

ரீசெட் கண்காணிப்புச் சில்லு இருக்கும் போர்டு தனிக் கவனம் கேட்கும். மேக்ஸ்809 வகையின் வெளியீடு புஷ்-புல். அதாவது ரீசெட் இல்லாத நேரத்தில் அது கம்பியை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. டீபக்கர் அதே கம்பியைக் கீழே இழுத்தால் இரண்டும் மல்லுக்கட்டும். சில சமயம் டீபக்கர் ஜெயிக்கும், சில சமயம் மின்னழுத்தம் நடுவில் எங்கோ நிற்கும். விட்டுவிட்டு வரும் ரீசெட் தோல்விகளில் இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் ஸ்கிரிப்டில் எந்தப் பிழையும் இருக்காது. ஓப்பன் டிரெயின் (கம்பியைக் கீழே மட்டும் இழுக்கும்) வெளியீடுள்ள மேக்ஸ்803 போட்டால் தீரும். அல்லது மேக்ஸ்811 போல கைமுறை ரீசெட் உள்ளீடுள்ள சில்லைப் போட்டு, டீபக்கர் கம்பியை அந்த உள்ளீட்டில் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் கம்பியை விட்ட பிறகும் அந்தச் சில்லு குறைந்தது 140 மில்லி விநாடி ரீசெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். ‘டிலே’ அதைத் தாண்டியே இருக்க வேண்டும். தரவுத்தாளில் பார்க்க வேண்டியது அந்த நேரத்தின் உச்ச மதிப்பை.

‘ரீசெட்_கான்ஃபிக்’ வரி பலரும் வேறு போர்டிலிருந்து பார்த்து ஒட்டும் வரி. அது போர்டின் கம்பிகளைப் பற்றிய உண்மையைச் சொல்லும் இடம் என்று நினைத்தால் தவறு குறையும். எந்தக் கம்பிகள் (எஸ்ஆர்எஸ்டி சில்லையும் டிஆர்எஸ்டி டீபக் தர்க்கத்தையும் ரீசெட் செய்பவை) இணைந்திருக்கின்றன என்பது முதல் பகுதி: ‘நன்’, ‘டிஆர்எஸ்டி_ஒன்லி’, ‘எஸ்ஆர்எஸ்டி_ஒன்லி’, ‘டிஆர்எஸ்டி_அண்ட்_எஸ்ஆர்எஸ்டி’. அடாப்டரில் பின் இருக்கிறது என்பதற்காக ‘எஸ்ஆர்எஸ்டி_ஒன்லி’ போடக்கூடாது. கேபிளிலும் போர்டிலும் கம்பி சில்லு வரை போகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். ஐந்து கம்பி எஸ்டபிள்யூடி (குறைந்த கம்பிகளுள்ள டீபக் இணைப்பு) இணைப்பானில் ஐந்தாவது பின் ரீசெட்டா, சீரியல் வெளியீடா என்று போர்டுக்குப் போர்டு மாறும். கம்பி இல்லாத இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், கருவி எங்கும் போகாத ஒரு பின்னை இழுத்துவிட்டு ரீசெட் ஆனதாக நம்பிக்கொள்ளும்.

இரண்டாவது பகுதி, இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று இழுக்கின்றனவா என்பது. ‘எஸ்ஆர்எஸ்டி_புல்ஸ்_டிஆர்எஸ்டி’ என்றால் சில்லை ரீசெட் செய்யும்போது டீபக் தர்க்கமும் சேர்ந்து அழிகிறது என்று பொருள். எல்பிசி2000 குடும்பம் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. இப்படிப்பட்ட சில்லில் ரீசெட்டுக்குமுன் வைத்த நிறுத்தப்புள்ளி ரீசெட்டோடு போய்விடும். கருவி மறுபடி பிடிப்பதற்குள் கோர் சில ஆயிரம் கட்டளைகள் ஓடிவிடும். எந்த ஸ்கிரிப்டாலும் இதை முழுக்கத் தடுக்க முடியாது. ஃபர்ம்வேரின் (சில்லில் ஓடும் நிரலின்) தொடக்கத்தில் ஒரு சிறு காத்திருப்புச் சுழல் வைப்பதுதான் நடைமுறை வழி.

மூன்றாவது பகுதி, ரீசெட்டில் இருக்கும்போது டீபக் போர்ட் பதில் சொல்லுமா என்பது. கருவி இயல்பாகச் சொல்லாது என்றே எடுத்துக்கொள்கிறது. எஸ்டிஎம்32-இல் அது பதில் சொல்லும். அதனால் அங்கே ‘எஸ்ஆர்எஸ்டி_ஒன்லி எஸ்ஆர்எஸ்டி_நோகேட் கனெக்ட்_அசெர்ட்_எஸ்ஆர்எஸ்டி’ என்று எழுதலாம். இந்தக் கடைசிச் சொல் பல போர்டுகளைக் குப்பைக் கூடையிலிருந்து மீட்கும். ஃபர்ம்வேர் ஓடத் தொடங்கியதும் எஸ்டபிள்யூடி பின்களைச் சாதாரண வெளியீடாக மாற்றிவிட்டால், அல்லது உடனே ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விட்டால், வழக்கமான இணைப்பு கிடைக்காது. ரீசெட்டைப் பிடித்தபடியே இணைந்து, கோரை முதல் கட்டளையில் நிறுத்தும் பொறியை வைத்துவிட்டுக் கம்பியை விட்டால், அந்த ஃபர்ம்வேருக்கு ஓட வாய்ப்பே கிடையாது.

ரீசெட் கம்பியே இல்லாத போர்டில் மென்பொருள் ரீசெட்தான் வழி. கார்டெக்ஸ்-எம் கோரில் ஏஐஆர்சிஆர் என்ற ரெஜிஸ்டரில் இரண்டு பிட்கள் இதற்கு உண்டு. பிட் 2 ‘சிஸ்ரீசெட்ரெக்’. சில்லு முழுவதையும் ரீசெட் செய்யக் கேட்கிறது. பிட் 0 ‘வெக்ட்ரீசெட்’. கோரை மட்டும் ரீசெட் செய்கிறது. பின்னது எம்3, எம்4, எம்7 கோர்களில் உண்டு, எம்0, எம்0 பிளஸ் கோர்களில் இல்லை. எதைப் பயன்படுத்துவது என்பதை ‘கார்டெக்ஸ்_எம் ரீசெட்_கான்ஃபிக்’ தீர்மானிக்கிறது.

‘வெக்ட்ரீசெட்’ பார்ப்பதற்குப் பாதுகாப்பானதுபோல் இருக்கும், ஆனால் அது துணைக்கருவிகளைத் தொடுவதில்லை. முந்தைய ஃபர்ம்வேர் தொடங்கிய டிஎம்ஏ (கோரின் துணையின்றித் தரவை நகர்த்தும் பகுதி) அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் ரேமில் ஏற்றும் ஃப்ளாஷ் எழுதும் சிறு நிரலின் மேல் அது தரவைக் கொட்டிவிடும். டைமர் இன்டரப்ட்கள், மாற்றப்பட்ட கிளாக் எல்லாம் பழையபடியே நிற்கும். இதில் வாட்ச்டாக் (நிரல் நேரத்துக்குப் பதில் தராவிட்டால் சில்லை ரீசெட் செய்யும் கடிகாரம்) தனிப் பிரச்சினை. எஸ்டிஎம்32-இன் சுதந்திர வாட்ச்டாக் ஒருமுறை தொடங்கிவிட்டால் மென்பொருளால் நிறுத்த முடியாது, சில்லு முழுவதும் ரீசெட் ஆனால்தான் நிற்கும். அதற்காகத்தான் எஸ்டிஎம்32எஃப்4 கோப்பில் ‘எக்ஸாமின்-எண்ட்’ நிகழ்வில் டீபக் பகுதியின் ஏபிபி1 ஃப்ரீஸ் ரெஜிஸ்டரின் 11, 12-ஆம் பிட்களை ஏற்றுகிறார்கள். கோர் நின்றிருக்கும்போது இரண்டு வாட்ச்டாக்குகளும் எண்ணுவதை நிறுத்தும். ஆனால் ஃப்ளாஷ் எழுதும் நிரல் ஓடும்போது கோர் நின்றிருக்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் வாட்ச்டாக்கும் எண்ணும். சிறிய கோப்பு எழுதினால் சரியாகவும் பெரிய கோப்பு எழுதினால் பாதியிலும் நிற்கிறதா? முதலில் இதைச் சந்தேகியுங்கள். ‘வெக்ட்ரீசெட்’டை விட்டு ‘சிஸ்ரீசெட்ரெக்’குக்கு மாறினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆப்ஷன் பைட்டில் வன்பொருள் வாட்ச்டாக் தேர்ந்திருந்தால் மட்டும் தீராது, ஏனென்றால் அது ரீசெட் முடிந்த கணத்திலேயே தானாகத் தொடங்கிவிடும்.

அடாப்டரின் வேகத்தை ‘ரீசெட்-ஸ்டார்ட்’டில் குறைத்து ‘ரீசெட்-இனிட்’ முடிவில் கூட்டுவது என்பது பழகிய முறை. ஜேடேக் கிளாக் கோரின் கிளாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது ஏஆர்எம் கோர்களுக்கான பழைய விதி. எஸ்டிஎம்32எஃப்4 ரீசெட்டிலிருந்து 16 மெகாஹெர்ட்ஸ் உள் கிளாக்கில் எழுகிறது. ஆறால் வகுத்தால் 2.67. அதனால் 2000 கிலோஹெர்ட்ஸ். பிறகு ‘ரீசெட்-இனிட்’டில் கிளாக்கைப் பெருக்கும் சுற்றான பிஎல்எல்லை அமைக்கிறார்கள்: 16-ஐ 8-ஆல் வகுத்து, 128-ஆல் பெருக்கி, 4-ஆல் வகுத்தால் 64 மெகாஹெர்ட்ஸ். அதன் பின் அடாப்டரை 8000 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றுகிறார்கள். இங்கே வரிசை முக்கியம். ஃப்ளாஷின் காத்திருப்புச் சுழற்சிகளைக் கூட்டிய பிறகுதான் கிளாக்கை மாற்ற வேண்டும். மாற்றி எழுதினால் கோர் ஃப்ளாஷிலிருந்து தவறான கட்டளையைப் படிக்கும்.

பிஎல்எல் பூட்டும் வரை ‘ஸ்லீப் 10’ என்று காத்திருப்பதைப் பல கோப்புகளில் காணலாம். நடக்கும், ஆனால் பூட்டாமல் போனால் யாருக்கும் தெரியாது. சொந்தமாக எழுதும்போது கிளாக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரின் 25-ஆம் பிட்டைப் படித்துப் பாருங்கள். ஒரு மில்லி விநாடி இடைவெளியில் அதிகபட்சம் 50 முறை. 50-க்குள் ஏறாவிட்டால் தெளிவான வாசகத்தோடு பிழை எழுப்புங்கள். எல்லையில்லாத காத்திருப்புச் சுழல் எழுதவே கூடாது. தயாரிப்புக் கூடத்தில் ஒரு கெட்ட சில்லு வந்தால் முழு வரிசையும் அங்கேயே தொங்கும்.

இனி நிகழ்வுக் கையாளிகளுக்கு, அதாவது ஒரு நிகழ்வின்போது ஓடும்படி பதிந்த வரிகளுக்கு, வருவோம். நேரம் அதிகம் பறிபோவது இங்கேதான்.

ஒரே நிகழ்வுக்கு இரண்டாவது முறை கையாளி எழுதினால் முதலாவது அழிந்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. சில்லுக் கோப்பில் ‘ரீசெட்-இனிட்’ கிளாக்கை அமைக்கிறது. போர்டுக் கோப்பில் நீங்கள் வெளி ரேமை எழுப்ப இன்னொரு ‘ரீசெட்-இனிட்’ எழுதுகிறீர்கள். அன்றிலிருந்து கிளாக் அமைப்பு காணாமல் போகிறது, ஃப்ளாஷ் எழுதுவது பலமடங்கு மெதுவாகிறது, காரணம் புரிவதில்லை. தீர்வு எளிது: புதிய கையாளியை எழுதுமுன் ‘சிகெட் -ஈவென்ட் ரீசெட்-இனிட்’ என்று பழையதன் உடலை எடுத்து, அதன் பின்னால் உங்கள் வரிகளை ஒட்டி, சேர்த்தே பதியுங்கள். அல்லது கையாளியில் ஒரே ஒரு செயல்முறையை மட்டும் அழைத்து, வேலை முழுவதையும் அந்தச் செயல்முறைக்குள் வையுங்கள்.

அடுத்தது அடைப்புக்குறிச் சிக்கல். கையாளியின் உடலை நெளிவு அடைப்புக்குள் எழுதினால் உள்ளே இருக்கும் மாறிகள் கையாளி ஓடும் நேரத்தில்தான் மதிப்பு பெறும். இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் பதியும் நேரத்திலேயே மதிப்பு பெறும். இரண்டு கோர் உள்ள சில்லின் கோப்பில் ‘_டார்கெட்நேம்’ மாறி முதலில் கோர் 0-க்கும் பிறகு கோர் 1-க்கும் ஒதுக்கப்படுகிறது என்று வையுங்கள். கோர் 0-இன் கையாளியை நெளிவு அடைப்பில் எழுதி உள்ளே அந்த மாறியைப் பயன்படுத்தினால், ஓடும்போது அது கோர் 1-ஐக் காட்டும். கோர் 0 ரீசெட் ஆகும்போதெல்லாம் கோர் 1-இன் நினைவகத்தில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். மாறிக்குப் பதில் ‘டார்கெட் கரண்ட்’ பயன்படுத்துங்கள். கையாளி ஓடும் நேரத்தில் கருவியே அதை நிகழ்வுக்குரிய கோருக்கு மாற்றிவைக்கிறது, முடிந்ததும் திருப்பிவிடுகிறது.

மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. கையாளிக்குள் ஒரு கட்டளை தோற்றால், கருவி பிழை வாசகத்தை அச்சிடும், கையாளியை அங்கேயே நிறுத்தும், ஆனால் ‘ரீசெட் இனிட்’ கட்டளை தோற்றதாகக் கணக்கில் வராது. அடுத்த வரியில் இருக்கும் ஃப்ளாஷ் எழுதும் கட்டளை ஓடத் தொடங்கிவிடும். திரையில் மனிதர் பார்த்துக்கொண்டிருந்தால் பிழை வரி கண்ணில் படலாம். தானியங்கி ஸ்கிரிப்டில் யார் பார்ப்பது? ஆகவே கையாளியை நம்பாமல் ரீசெட்டுக்குப் பிறகு தனியே சரிபார்க்கும் ஒரு செயல்முறை எழுதிக்கொள்ளுங்கள். கையாளியின் கடைசி வரியில் ஒரு உலகளாவிய மாறியை 1 ஆக்குங்கள். ‘ரீசெட் இனிட்’டுக்குமுன் அதை 0 ஆக்கி, பின் 1 ஆனதா என்று பாருங்கள். ஆகாவிட்டால் ‘ஷட்டவுன் எரர்’ கொடுங்கள். கருவி பிழைக் குறியீட்டோடு வெளியேறும், மேலே இருக்கும் ஸ்கிரிப்டுக்கும் தெரியும்.

‘ரீசெட்-அசெர்ட்’ என்ற நிகழ்வு 2010-இல் வந்த 0.4.0-இல் சேர்ந்தது, ரீசெட் கம்பி இல்லாத அமைப்புகளுக்காகவே சேர்த்தார்கள். மற்ற நிகழ்வுகள் நடப்பதோடு கூடுதலாக ஓடுபவை. இது அப்படியல்ல. கார்டெக்ஸ்-எம் போன்ற கோர்களில் இதற்குக் கையாளி இருந்தால், கருவி தன் சொந்த ரீசெட்டைச் செய்வதே இல்லை. பொறுப்பு முழுவதும் உங்களுடையது. கோர் ரீசெட்டான உடன் நிற்பதற்கான பொறியை வைப்பதையும் அது விட்டுவிடும். எனவே வாட்ச்டாக்கைத் தூண்டியோ சில்லின் சொந்த ரீசெட் ரெஜிஸ்டரை எழுதியோ ரீசெட் செய்யும் கையாளியில், அதற்குமுன் ‘கார்டெக்ஸ்_எம் வெக்டர்_கேட்ச் ரீசெட்’ போட மறக்காதீர்கள். அது இல்லாமல்தான் ‘நாட் ஹால்டட்’ வரும், ஆனால் தேடுபவர் ரீசெட் வேலை செய்யவில்லை என்றே நினைத்து வேறு இடத்தில் தோண்டுவார்.

கருவிக்குள்ளேயே புதிய கட்டளை சேர்க்கும் நிலை வரும்போது, இதே கவனத்தை சி நிரலில் காட்ட வேண்டும். கட்டளைகள் ஒரு அட்டவணையாகப் பதியப்படுகின்றன: பெயர், கையாளும் செயல்கூறு, எந்தக் கட்டத்தில் ஓடலாம், உதவி வாசகம், பயன்பாட்டு வடிவம். எந்தக் கட்டம் என்ற உறுப்பை யோசிக்காமல் ‘எப்போதும்’ என்று போடுவது கெட்ட பழக்கம். வன்பொருளைத் தொடும் கட்டளை ‘இனிட்’டுக்குப் பிறகே ஓட வேண்டும். அடாப்டர் அமைப்பை மாற்றும் கட்டளை அதற்குமுன்பே ஓட வேண்டும். சரியான கட்டத்தைக் குறித்துவிட்டால் தவறான இடத்தில் அழைக்கும்போது கருவியே மறுத்துவிடும், உங்கள் செயல்கூறுக்குள் அந்தச் சோதனையை எழுத வேண்டியதில்லை.

வாதங்களின் எண்ணிக்கை தவறினால் தொடரமைப்புப் பிழைக்கான குறியீட்டைத் திருப்புங்கள். கருவி உடனே பயன்பாட்டு வடிவத்தைத் தானாக அச்சிடும். நீங்களே ஒரு உதவி வாசகத்தை அச்சிட்டுவிட்டு வெற்றிக் குறியீட்டைத் திருப்பினால், டிசிஎல் பக்கத்தில் கட்டளை வென்றதாகவே தெரியும். பிழை வரியைப் பதிவில் எழுதிவிட்டு ‘எரர்_ஓகே’ திருப்பும் செயல்கூறுகள்தான் ரீசெட் ஸ்கிரிப்ட்களைச் சத்தமில்லாமல் கெடுப்பவை. கீழே அழைத்த செயல்கூறு தந்த குறியீட்டை ஒவ்வொரு முறையும் பாருங்கள், வெற்றி இல்லையென்றால் அதையே மேலே திருப்புங்கள்.

எண்களைப் படிக்க சி மொழியின் ‘ஏடூஐ’ வேண்டாம். பதினாறடிமான எண்ணை முன்னொட்டோடு கொடுத்தால் அது முதல் பூச்சியத்தைப் படித்துவிட்டு நின்றுவிடும். எந்த முகவரியைக் கொடுத்தாலும் 0 தான் வரும். கருவியே தரும் ‘கமாண்ட்_பார்ஸ்_நம்பர்’ முன்னொட்டைப் புரிந்துகொள்ளும், எல்லையைச் சோதிக்கும். 8 பிட் இடத்தில் 300 கொடுத்தால் மறுக்கும். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. அது செயல்கூறு அல்ல, மேக்ரோ. எண் தவறாக இருந்தால் உங்கள் செயல்கூறிலிருந்தே நேராக வெளியேறிவிடும். அதற்குமுன் நினைவகம் ஒதுக்கியிருந்தால் அது கசியும், கோப்பு திறந்திருந்தால் திறந்தே கிடக்கும். எல்லா வாதங்களையும் முதலில் படித்து முடியுங்கள், ஒதுக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

வெளியீட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. ‘கமாண்ட்_ப்ரின்ட்’ மூலம் போகும் உரை கட்டளையின் விடையாக டிசிஎல்லுக்குக் கிடைக்கும். பதிவு வழியாகப் போகும் உரை மனிதர் படிக்க மட்டும். படித்த மதிப்பு முதல் வழியில், ‘இவ்வளவு முடிந்தது’ போன்ற செய்திகள் இரண்டாவது வழியில் என்று பிரித்துவிட்டால், ஸ்கிரிப்ட் எழுதுபவர் வாசகத்தை வெட்டி ஒட்டி எண்ணைத் தேட வேண்டியிருக்காது. நினைவகம் படிக்கும் பழைய ‘எம்டிடபிள்யூ’ முகவரியும் மதிப்பும் கலந்த வரியைத்தான் தருகிறது. 0.12-இல் இருக்கும் ‘ரீட்_மெமரி’ மதிப்புகளை மட்டும் பட்டியலாகத் தரும். ‘கெட்_ரெக்’ ரெஜிஸ்டர் மதிப்புகளை அதேபோல் தரும். புதிய ஸ்கிரிப்டில் இவற்றையே பயன்படுத்துங்கள்.

வெளியிலிருந்து பைத்தான் போன்ற மொழியில் கருவியை இயக்குபவர்கள் 4444-ஆம் போர்ட்டில் டெல்நெட் வழியாகப் பேசி, திரை வாசகத்தைப் படிக்க முயல்வார்கள். இடையில் ஒரு பதிவு வரி புகுந்தாலே அந்த முறை உடைந்துவிடும். 6666-ஆம் போர்ட் இதற்காகவே இருக்கிறது. கட்டளையை அனுப்பி, முடிவில் 26 என்ற மதிப்புள்ள பைட்டைச் சேர்த்தால், விடை மட்டும் அதே 26-ஆம் பைட்டோடு முடிந்து வரும். கட்டளையை ‘கேட்ச்’சுக்குள் சுற்றி அனுப்பி, அதன் எண்ணையும் விடையோடு சேர்த்து வாங்குங்கள். அப்போதுதான் வெற்றியையும் தோல்வியையும் பிரித்தறிய முடியும்.

ஜிடிபி என்ற டீபக்கரோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘மானிட்டர் ரீசெட் ஹால்ட்’ கொடுத்த பிறகு ஜிடிபி தன்னிடம் வைத்திருக்கும் பழைய ரெஜிஸ்டர் மதிப்புகளையே காட்டக்கூடும். நிரல் இன்னும் பழைய வரியில் நிற்பதுபோல் தோன்றும். ‘மெயின்டனன்ஸ் ஃப்ளஷ் ரெஜிஸ்டர்-கேஷ்’ கொடுத்தால் புதிதாகப் படிக்கும். ஜிடிபியின் ‘லோட்’ ஃப்ளாஷை அழிக்கத் தொடங்குமுன் கருவி இயல்பாகவே ‘ரீசெட் இனிட்’ ஓட்டுகிறது, எழுதி முடித்ததும் ‘ரீசெட் ஹால்ட்’. உங்கள் ‘ரீசெட்-இனிட்’ கையாளி ஆட்டம் கண்டால் ‘லோட்’டும் ஆட்டம் காணும்.

ரீசெட் நம்பகமானதா என்று சோதிக்க ஒரே முறை ஓடிப் பார்ப்பது போதாது. ஒரு டிசிஎல் சுழலில் ‘ரீசெட் ஹால்ட்’டை 200 முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வெக்டர் அட்டவணையின் முதல் இரண்டு சொற்களைப் (தொடக்க ஸ்டாக் முகவரி, தொடக்க நிரல் முகவரி) படியுங்கள். ஸ்டாக் பாயின்டர் முதல் சொல்லுக்குச் சமமாக இருக்க வேண்டும். நிரல் எண்ணி (அடுத்து ஓடும் கட்டளையின் முகவரி), இரண்டாவது சொல்லில் கடைசி பிட்டை நீக்கினால் வரும் மதிப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். அந்தப் பிட் தம்ப் என்ற கட்டளை வகையின் நிலையைக் குறிப்பது மட்டுமே. நிரல் எண்ணி சற்றுத் தள்ளி நின்றிருந்தால், கோர் நிற்குமுன் கொஞ்சம் ஓடிவிட்டது என்று பொருள். பொறி தாமதமாக விழுகிறது அல்லது விழவே இல்லை. எல்பிசி17எக்ஸ்எக்ஸ் போன்ற சில்லுகளில் மட்டும் இந்த ஒப்பீடு பொருந்தாது. அங்கே ரீசெட்டுக்குப் பின் முதலில் ஓடுவது பூட் ரோம், 0-ஆம் முகவரியில் தெரிவதும் ரோமின் வெக்டர்களே. அந்தக் குடும்பத்தின் ‘ரீசெட்-இனிட்’டில் மெம்மேப் ரெஜிஸ்டரில் 1 எழுதி ஃப்ளாஷை 0-க்குக் கொண்டுவருவதைக் காணலாம். அதை விட்டுவிட்டால், எழுதிய கோப்பைச் சரிபார்க்கும்போது தொடக்கத்தில் உள்ள பைட்கள் மட்டும் பொருந்தாமல் நிற்கும்.

200 முறையில் ஒன்று தவறினாலும் ‘-டி3’ என்ற விரிவான பதிவோடு மறுபடி ஓட்டி, தவறிய முறையில் ரீசெட் கம்பியை விட்ட வரிக்கும் அடுத்த டீபக் வாசிப்புக்கும் இடையே உள்ள நேரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் மில்லி விநாடிக் கணக்கு இருக்கும். அந்த இடைவெளியை ஆஸிலோஸ்கோப்பில் அளந்த எண்ணோடு பக்கத்தில் வைத்தால், மாற்ற வேண்டியது ஸ்கிரிப்டையா கெப்பாசிட்டரையா என்பது தெரிந்துவிடும்.